வரிசையில் நிற்கவைத்தால் வாய் திறப்பார்களா?

நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் தாக்கலான தமிழக நிதிநிலை அறிக்கை, 14 வயதுச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி படிப்படியாகப் போடப்படும் என்று அறிவித்து 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆலோசகரும் தடுப்பூசியும் பள்ளி வாசலுக்கு வரப்போகின்றன. நல்ல செய்திதான். வந்தவரிடம் பிள்ளைகள் போவார்களா?

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரை உள்ள அரசுப் பள்ளிகளை அறிந்த எவருக்கும் இந்தச் சந்தேகம் எழும். மருத்துவர் வருகிறார், மாத்திரை வருகிறது, எடை பார்க்கிறார்கள், பதிவேடு நிரம்புகிறது. ஆனால், தனக்கொரு சங்கடம் என்றால் பதினைந்து வயதுப் பிள்ளை போய் நிற்கும் இடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

திட்டத்துக்குப் பஞ்சமில்லை

பள்ளிப் பிள்ளைகளின் நலத்துக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1990-களின் இறுதியிலேயே 'வாழ்வொளி' என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் பள்ளிகளுக்குப் போனார்கள். கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் 'புதுயுகம்' திட்டத்தை 2011-ல் தமிழகம் அறிவித்தது. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் முன்கூட்டியே கண்டுபிடிக்க 2013-ல் நடமாடும் மருத்துவக் குழுக்கள் வந்தன.

2014 ஜனவரி 7 அன்று 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கென்றே தேசிய அளவில் தனித் திட்டம் தொடங்கியது. சத்துணவு, மனநலம், பாலியல் நலம், வன்முறை, போதை, தொற்றா நோய் என ஆறு பொருள்களையும் அது எடுத்துக்கொண்டது. அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினருக்குத் தனிப் பிரிவு இருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய அம்சம். 2020-ல் ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் நலத் தூதர்களாக வேண்டும் என்று இன்னொரு திட்டம் சொன்னது.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. இருந்தும், மாதத்தில் மூன்று முறை உதிரப்போக்கு வருகிற பத்தாம் வகுப்புப் பெண் தோழியிடம் சொல்கிறாள். தோழி யூடியூபைப் பார்த்துச் சொல்கிறாள். உடம்பில் ஏதோ கோளாறு என்று நடுங்குகிற பதினோராம் வகுப்புப் பையன், செல்போன் ரீசார்ஜ் கடை அண்ணனிடம் கேட்கிறான். இந்த இருவரும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகாதது ஏன் என்று கேட்கத் தொடங்கினால்தான் விஷயம் புரியும்.

வராண்டாவில் நடக்கும் பரிசோதனை

மருத்துவக் குழு வருகிற நாளில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொதுவாக நடப்பதைப் பாருங்கள். வராண்டாவில் இரண்டு பெஞ்ச், ஒரு மேசை. எடைக் கருவி தரையில் இருக்கும். தூணில் உயரம் பார்க்கும் தாளும், எதிர்ச் சுவரில் கண் பரிசோதனை அட்டையும் ஒட்டியிருக்கும். ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவு வரிசையில் நிற்கும். ஒருவர் எடையைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். ஆகவே, எடை உரக்கத்தான் சொல்லப்படும்.

"முப்பத்திரண்டு" என்றதும் பின்னால் ஒரு சிரிப்பு. "அறுபத்தெட்டு" என்றதும் பெருஞ்சிரிப்பு. மணி அடிப்பதற்குள் அந்த எண்ணே பட்டப்பெயராகிவிடும். அடுத்த முறை மருத்துவக் குழு வரும் நாளில் அந்தப் பெண் பள்ளிக்கே வரமாட்டாள்.

பிறகு மருத்துவர் கேட்பார்: "வேற ஏதாவது பிரச்சினை இருக்காம்மா?" கேட்கிறபோது பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள். பக்கத்தில் வருகைப் பதிவேட்டுடன் வகுப்பாசிரியை. "ஒண்ணுமில்ல மிஸ்." அந்த 'ஒண்ணுமில்ல'தான் பதிவேட்டில் ஏறுகிறது. மாவட்டத்தின் அறிக்கையாகச் சென்னைக்குப் போவதும் அதுதான்.

இந்தக் குழுக்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஒரு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து முடித்து அடுத்த பள்ளிக்கு ஓட வேண்டியவர்கள் அவர்கள். கரும்பலகை தெரியாமலேயே ஆறு வருடம் படித்த பிள்ளைக்குக் கண்ணாடி கிடைத்ததும், யாரும் கவனிக்காத இதயக் கோளாறு தெரியவந்து இலவசமாக அறுவை சிகிச்சை நடந்ததும் இவர்களால்தான்.

ஆனால், வரிசை என்பது கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே காட்டிக்கொடுக்கும். வெள்ளைப்படுதல் வரிசையில் தெரியாது. சித்தப்பாவின் கை தெரியாது. உதட்டுக்குள் ஒதுக்கிய கூல் லிப் புகையிலை தெரியாது. நேற்றிரவு வயலுக்கு அடிக்கும் மருந்து டப்பாவைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்த பிள்ளை, வரிசையில் மற்ற பிள்ளைகளைப் போலத்தான் நிற்கும்.

நீல மாத்திரையின் கதை

தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. இந்திய அளவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காடு. அதே வயதுப் பையன்களில் 31 விழுக்காடு. பையன்களுக்கும் ரத்தசோகை உண்டு என்பதே பல வீடுகளில் புதுச் செய்தியாக இருக்கும்.

இதற்காகத்தான் வாரம் ஒரு முறை பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை. நீல நிறம். ஆசிரியை கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்பது விதி. நாக்குக்கடியில் ஒதுக்கி, ஜன்னல் வழியே துப்புவது பிள்ளைகளின் விதி. பள்ளிக் கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும்.

ஏன் துப்புகிறார்கள்? வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. இரண்டும் இந்த மாத்திரையில் சகஜம், பயப்பட ஒன்றுமில்லை, சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டல் குறையும் என்று உட்கார்ந்து சொன்னவர் யாருமில்லை. சாப்பிட்ட பிறகு என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. கிள்ளையிலிருந்தோ பிச்சாவரத்திலிருந்தோ ஏழு மணிப் பேருந்தைப் பிடித்துச் சிதம்பரம் வருகிற பெண், பெரும்பாலும் டீயோடு வந்தவள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் புரட்டத்தான் செய்யும்.

பேசாமல் கொடுக்கும் மாத்திரை எதில் கொண்டுபோய் விடும் என்பதற்குக் கொடுமையான சாட்சி ஒன்று உண்டு. 2023 மார்ச்சில் உதகமண்டலத்தில் ஒரு நகராட்சிப் பள்ளியில், யார் அதிக மாத்திரை விழுங்குவது என்று மாணவியர் போட்டி போட்டார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரிழந்தார். இரும்பு மாத்திரை அளவு மீறினால் கல்லீரலைக் கெடுத்து உயிரை வாங்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

லாட்ஜ் வைத்தியர் அறிந்தது

வளரிளம் பருவ நலம் என்றாலே அதிகாரிகள் பேச்சு பெண் பிள்ளைகளோடு முடிந்துவிடுகிறது. பையன்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

நம் ஊர்ப் பேருந்து நிலையச் சுவர்களிலும் கழிப்பறைக் கதவுகளிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை எல்லோரும் பார்த்திருப்போம். 'இளைஞர்களே!' என்று தொடங்கும். இளமையில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி, கனவில் வெளியேறுதல் என்று பயமுறுத்தும். மாதத்தில் இன்ன தேதி, இன்ன லாட்ஜ், இன்ன அறை எண், காலை இத்தனை மணி முதல் மாலை இத்தனை மணி வரை என்று இருக்கும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ரகசியம் காக்கப்படும்.

பதினாறு வயதில் இயல்பாக நடக்கிற ஒன்றை நோய் என்று நம்பவைத்து, அம்மாவின் சுருக்குப் பையிலிருந்து எடுத்துவந்த ஆயிரத்தைப் பிடுங்கிக்கொண்டு லேகியம் தருவது மோசடி. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால், அந்த மோசடிக்காரர் இந்த வயதுப் பையனைப் பற்றிச் சுகாதாரத் துறையைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார். மாறாத தேதி, மாறாத இடம், கதவு சாத்திய அறை, அப்பா பெயர் கேட்காத ஆள், வெளியே சொல்லமாட்டேன் என்ற உறுதி. பையனுக்கு வேண்டியது இந்த ஐந்தும்தான். அரசின் திட்டத்தில் மருத்துவர் உண்டு, மருந்து உண்டு. இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

பள்ளியில் இதைச் சொல்லித்தர ஓர் இடம் உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இனப்பெருக்கம் வருகிறது. பல வகுப்புகளில் அந்தப் பாடம் "வீட்ல படிச்சுக்கோங்க" என்று தாண்டப்படுகிறது. ஆசிரியர்களை நொந்து பயனில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

போதையும் இங்கேதான் சேர்கிறது. கூல் லிப் போன்ற புகையிலைப் பொட்டலங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவுவது குறித்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது. பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்ற சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. கடலூரைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை, அங்கே மது மலிவு. பிடிபட்ட பையனுக்கு இங்கே கிடைப்பது என்ன? டி.சி. கொடுத்துவிடுவேன் என்ற மிரட்டலும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்ற உத்தரவும். விட முடியாமல் தவிக்கிறேன் என்று தானாக வந்து சொல்ல ஓர் ஆள் இருந்தால், பாதிப் பேர் பிடிபடும் முன்பே வந்திருப்பார்கள்.

சீட்டு போடும் இடம்

பள்ளியில் இல்லாவிட்டால் என்ன, மருத்துவமனை இருக்கிறதே என்று கேட்கலாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் காமராஜ் மருத்துவமனை. அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-ல் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்து மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாகவே ஆகிவிட்டது. இந்த அளவு வசதி தமிழகத்தில் எத்தனையோ தாலுகாக்களுக்குக் கிடையாது.

ஆனால், புறநோயாளிப் பிரிவு காலையில் நடக்கிறது. காலையில் பிள்ளை பள்ளியில். விடுப்பு எடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். எடுத்துப் போனாலும், முதலில் சந்திப்பது மருத்துவரை அல்ல, சீட்டு போடுபவரை. பெயர், வயது, அப்பா பெயர், ஊர், என்ன பிரச்சினை. கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டால், இந்தப் பக்கமிருந்து கத்தித்தான் சொல்ல வேண்டும். பின்னால் நிற்பவர் புவனகிரிக்காரராகவோ பரங்கிப்பேட்டைக்காரராகவோ இருப்பார். "நீ இன்னார் பொண்ணுதானே?" என்ற ஒரு கேள்வி போதும், அந்தப் பெண் திரும்பிப் போய்விடுவாள்.

தொலைபேசி உதவி எண்கள் உண்டு. மனநலத்துக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417. நான்கும் பயனுள்ளவை, இரவு பகல் பாராமல் பலருக்கு உதவியவை. இருந்தாலும், கிராமத்து வீட்டில் செல்போன் ஒன்று, அதுவும் அம்மாவிடம். ஒரே அறை. யாருக்கும் கேட்காமல் எங்கே போய்ப் பேசுவது?

பயம் படிந்த ஊர்

சிதம்பரத்துக்கு இதில் தனிக் கதை ஒன்று இருக்கிறது. 2022-ல் இங்கே குழந்தைத் திருமணப் புகார்களின் பேரில் வழக்குகளும் கைதுகளும் நடந்தன. 2023 மே மாதம் ஆளுநர் ஆர்.என்.ரவி, அந்த வழக்குகளின்போது சிறுமியரைக் கட்டாயப்படுத்தி, கன்னித்தன்மை பார்க்கும் இருவிரல் பரிசோதனை செய்ததாகக் குற்றஞ்சாட்டினார். அன்றைய காவல் துறைத் தலைவர் சைலேந்திரபாபு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் சிதம்பரத்துக்கே வந்து விசாரித்தது. அரசியல் கட்சிகள் இரண்டு பக்கமும் நின்று பேசின.

யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. 'அந்தச் சோதனை கூடவே கூடாது' என்று 2022 அக்டோபர் 31 அன்றே உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. எனக்கு உறைத்தது வேறு. வாரக்கணக்கில் தொலைக்காட்சியில் இதைப் பார்த்த இந்த ஊர்ப் பெண் பிள்ளைகள் மனத்தில் என்ன பதிந்திருக்கும்? ஆஸ்பத்திரி என்பது நம்மைக் கேட்காமல் நம்மைச் சோதித்துப் பார்க்கிற இடம், பிறகு அதை ஊரே பேசும். அந்த எண்ணத்தைத் துடைக்க இன்றுவரை யாரும் எதுவும் செய்யவில்லை.

சட்டமும் சேர்ந்து பயத்தைக் கூட்டுகிறது. 2012-ன் போக்சோ சட்டப்படி, 18 வயது நிறையாதவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் மருத்துவர், ஆசிரியர் யாராக இருந்தாலும் காவல் துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கே தண்டனை. பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம் அது, வேண்டிய சட்டம். ஆனால், தாமாக விரும்பிப் பழகிய இரண்டு பதினேழு வயதுப் பிள்ளைகளும் அதே வலைக்குள்தான் வருகிறார்கள். விளைவாக, நாள் தள்ளிப்போன பெண் அரசு மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. மருந்துக்கடையில் கேட்பதை வாங்கி விழுங்குகிறாள். உயிர் ஆபத்தான நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்துசேர்கிறாள்.

இதற்கு உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் ஒரு வழி சொல்லியிருக்கிறது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல் துறைக்குத் தரும் தகவலில் மருத்துவர் பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிடத் தேவையில்லை. இந்தத் தீர்ப்பை மாவட்டத்தில் எத்தனை மருத்துவமனைகள் சுவரில் எழுதி வைத்திருக்கின்றன?

பெயர்ப்பலகை செய்யும் வேலை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 1973-ல் ஒரு மருத்துவ மையம் தொடங்கினார்கள். கர்ப்ப கால கவனிப்பு, கருத்தடை ஆலோசனை, பால்வினை நோய்ப் பரிசோதனை என்று குறுகிய சேவைகளோடு தொடங்கியது. மாணவர்கள் அதிகம் வரவில்லை. உள்ளே போனாலே எதற்குப் போகிறாள் என்று தெரிந்துவிடுமே! பிறகு விளையாட்டுத் தகுதிச் சான்றிதழ், தடுப்பூசி, உடல் எடை ஆலோசனை என எல்லாவற்றையும் சேர்த்தார்கள். வரத் தொடங்கினார்கள்.

நம் பள்ளிகளில் வரவிருக்கும் ஆலோசகர் அறைக்கு இது முக்கியமான பாடம். 'மனநல ஆலோசனை மையம்' என்று பலகை மாட்டினால், அந்த வாசலில் நிற்பவனுக்கு அன்றே 'லூசு' என்று பெயர் வைத்துவிடுவார்கள். தலைவலி, பரு, பல்வலி, பொடுகு, கபடியில் பிசகிய கணுக்கால், கண் மங்கல் எல்லாவற்றுக்கும் ஒரே கதவு இருக்க வேண்டும். பருவுக்கு மருந்து கேட்டு வருகிற பெண், மூன்றாவது முறை வேறொன்றைச் சொல்வாள்.

இலங்கை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பள்ளி மருத்துவப் பரிசோதனை நூறாண்டுப் பழக்கம். அதோடு, அரசு மருத்துவமனைகளில் 'யொவுன் பியச' என்ற பெயரில் இளையோருக்குத் தனி இடமும் வைத்திருக்கிறார்கள்.

நம்பிக்கையைக் கட்டாமல் ஊசியை மட்டும் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை 2017 பிப்ரவரியில் பார்த்தோம். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் பள்ளிகளில் தொடங்கியதும் வாட்ஸ்அப் வதந்திகள் பறந்தன. பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அடுத்து வருவது கருப்பைவாய் தொடர்பான ஊசி, 14 வயதுப் பெண்ணுக்கு. வதந்திக்கு இதைவிடத் தோதான தலைப்பு வேறு வேண்டுமா? ஊசி போடும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் தெரிந்த முகம் ஒன்று பள்ளியில் இருந்திருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலில் ஓர் அறை. புதுக் கட்டடம் வேண்டாம். பழைய விளையாட்டுச் சாமான் அறை போதும். கதவும் தாழ்ப்பாளும் திரைச்சீலையும் இருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. எடைக் கருவி இனி அந்த அறைக்குள் போகட்டும். எடையைத் துண்டுத் தாளில் எழுதிப் பிள்ளையின் கையில் கொடுக்கட்டும்.

அடுத்தது ஆள். நீதிமன்றம் சொன்ன ஆலோசகரை எல்லாப் பள்ளிக்கும் நியமிக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை நான்கைந்து பள்ளிகளுக்கு ஒரு செவிலியர் என்று தொடங்கலாம். எந்தக் கிழமை எந்தப் பள்ளி என்பது ஆண்டு முழுவதும் மாறக் கூடாது. ஆள் மாறுவதுதான் இதில் பெரிய கேடு. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று கடலூர் பார்க்காத பேரிடர் இல்லை. ஒவ்வொரு முறையும் ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள், முகாம் கலைந்ததும் அவர்களும் போய்விட்டார்கள். தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

இங்கே சிதம்பரத்துக்குக் கூடுதல் வாய்ப்பு இருக்கிறது. அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரி, ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரி, பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை எல்லாம் ஒரே வளாகத்தில் உள்ளன. பயிற்சி மருத்துவர்கள் சமூக மருத்துவத் துறையில் 12 வாரம் பணியாற்றுவது கட்டாயம். இருபத்து மூன்று வயது ஹவுஸ் சர்ஜன் அண்ணனிடமும் அக்காவிடமும் பிள்ளைகள் எளிதில் பேசுவார்கள். அவர்கள் மாறி மாறி வரட்டும், செவிலியர் மட்டும் நிலையாக இருக்கட்டும். குமராட்சி, பரங்கிப்பேட்டை ஒன்றியப் பள்ளிகளில் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க ஆட்சியரும் கல்லூரி முதல்வரும் மனம் வைத்தால் போதும்.

நேரம்: மதிய இடைவேளையும் கடைசி வகுப்பும். பள்ளி விட்ட பிறகு என்று வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள், பேருந்து போய்விடும். போவதற்குக் காரணம் சொல்லி அனுமதி வாங்கும் முறை கூடாது. கழிப்பறைக்குப் போகக் கேட்பதுபோல் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அறைச் சுவரில், உள்பக்கம், பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் மூன்று வரி எழுத வேண்டும். நீ சொல்வதை உன் ஆசிரியரிடமும் வீட்டிலும் சொல்லமாட்டோம். உன் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது உன்னைத் துன்புறுத்தினாலோ சட்டப்படி சொல்லியே ஆக வேண்டும். அப்படிச் சொல்வதற்கு முன் உன்னிடம் தெரிவிப்போம். எதையுமே சொல்லமாட்டேன் என்று பொய்யாக உறுதி தருவதைவிட, எல்லையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது பிள்ளைகளிடம் நன்றாக எடுபடும்.

பையன்களுக்கு ஓர் ஆண் ஆலோசகர் மாதம் இரு முறையாவது வேண்டும். பி.இ.டி. சாரை அந்த வேலைக்குப் பயிற்றுவிக்கலாம் என்பார்கள். பிரம்பு வைத்திருப்பவரிடம் யாரும் ரகசியம் சொல்வதில்லை. வேண்டாம்.

விடுதிப் பிள்ளைகளுக்கு இந்த அறை இரட்டிப்பாகத் தேவை. அம்மா பக்கத்தில் இல்லாதவர்கள் அவர்கள். சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியபோது, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடத்தோடு தங்குமிடத்தையும் சோற்றையும் சேர்த்தே யோசித்தார். அந்த மரபு உள்ள ஊரில், விடுதியில் சொறி வந்த பையன் தீபாவளி விடுமுறை வரை சொறிந்துகொண்டே காத்திருப்பது அழகல்ல.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியதும் சிறிதுதான். கடலூரிலும் சிதம்பரத்திலும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரத்தை வளரிளம் பருவத்தினருக்கு ஒதுக்கலாம். பள்ளிச் செவிலியர் தரும் எண்ணிட்ட சீட்டோடு வந்தால், கம்பி ஜன்னலில் நிற்காமல் நேரே உள்ளே போகலாம் என்று வைக்கலாம். பத்தாம் வகுப்பில் நின்றுபோய் சிப்காட்டிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அந்த நேரம் திறந்திருக்க வேண்டும். அவர்களைத் தேடி எந்தப் பள்ளி வண்டியும் போவதில்லை.

அரசு செய்ய வேண்டியதில் செலவு பிடிக்கும் விஷயம் ஒன்றுதான்: பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கும் மதிய உணவு. அது இல்லாமல் நீல மாத்திரையைப் பற்றிப் பேசுவது வீண்.

எல்லாவற்றையும் கண்காணிக்க, ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்தக் குழு இத்தனை மாத்திரை வழங்கப்பட்டது, இத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர் என்ற கணக்கை மட்டும் வாங்கிக்கொண்டு கலைந்துவிடக் கூடாது. பதிவேட்டில் ஒரு புதுப் பத்தி சேர்க்க வேண்டும்: இந்த மாதம் தானாக வந்தவர்கள் எத்தனை பேர்? பெயர் வேண்டாம், எண் போதும். எந்தப் பள்ளியில் அந்த எண் பூஜ்ஜியமோ, அங்கே அறையிலோ ஆளிலோ கோளாறு. என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க, ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள் நால்வரை அழைத்துக் கேட்டால் போதும். அதிகாரிகள் எழுதும் அறிக்கையைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்துக்குப் போகும் பெற்றோர், சுற்றுச்சுவருக்கும் கழிப்பறைக்கும் தீர்மானம் போட்ட கையோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். நம் பள்ளியில் கதவு சாத்திப் பேசக்கூடிய அறை எது? அதன் சாவி யாரிடம் இருக்கிறது? நர்ஸம்மா எந்தக் கிழமை வருவார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.